கூவக்கரையும் எட்டாவது மாடியும்

1982-இல் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று கிராமங்களில் தொடங்கிய எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம், அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று நகரங்களுக்கும் வந்தது. அன்று காலை கூவக்கரைக் குடிசை வரிசையில் எல்லா வீட்டிலும் ஒரே தேடல்தான்: பிள்ளையிடம் கொடுத்தனுப்ப ஒரு தட்டு. வீட்டுக்கு இரண்டு தட்டு இருந்தாலே அதிகம். அப்பாவும் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்த பிறகு அதே தட்டில்தான் அம்மா சாப்பிடுவாள். நெளிந்துபோன ஓர் அலுமினியத் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அதன் அடியில் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறிக் கொடுத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன் மண்ணில் எழுதிக் காட்டியதைப் பார்த்துக் கீறினாள்.

பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1920-களிலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் அதைச் செய்து பார்த்தது. 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஆனால் எங்கள் வரிசையைப் பொறுத்தவரை 1982-தான் பெரிய மாற்றம். பள்ளிக்குப் போகும் வயது வராத, இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சோறு என்று சொன்ன திட்டம் அது. அதற்காகக் குடிசைகளுக்கு நடுவிலேயே ஓலைக் கூரையில் ஒரு மையம் வந்தது. சமையலுக்கும் உதவிக்கும் ஆள் எடுத்தபோது விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். எங்கள் கோடி வீட்டு ஆயாவுக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. வாழ்க்கையில் அவள் வாங்கிய முதல் மாதச் சம்பளம் அது. அதுவரை புருஷன் இல்லாதவள் என்று நல்ல காரியங்களில் ஒதுங்கி நின்றவளிடம், பிள்ளைக்கு இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்லி ஊரே கேட்க ஆரம்பித்தது.

மதியச் சோறு அங்கே. காலைக்குக் கூழ். அம்மா முதல் நாள் ராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பாள். விடியற்காலையில் நொய்யை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவாள். கை வலிக்கும் வேலை அது. ஈரக் கையால் தொட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்றால் இறக்கிவிடுவாள். ஆறியதும் உருண்டையைத் தண்ணீரில் கரைத்து, இருந்தால் கொஞ்சம் மோர், இல்லாவிட்டால் உப்பு மட்டும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், சுட்ட நெத்திலிக் கருவாடு. அப்பா மீன் மார்க்கெட்டில் பாரம் இழுத்ததால் மீனுக்குப் பஞ்சமில்லை. விலை போகாமல் மிஞ்சும் காரப்பொடி, சங்கரா என்று ஏதாவது சாயங்காலம் வந்துவிடும். காய்கறிக்குக் கொத்தவால்சாவடி. அங்கே மூட்டை தூக்கும் ஒருவரின் மனைவி, அடிபட்ட கத்திரிக்காயையும் தக்காளியையும் மலிவாக வாங்கிவந்து, எங்கள் தெருமுனையில் கூறு கட்டி விற்பாள். கூறு நாலணா. முருங்கைக் கீரைக்குக் காசே கிடையாது. கரையில் இரண்டு மரம் நின்றது, யாரும் ஒடித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை போட்டியோ ஈரலோ. இவையெல்லாம் மலிவு என்பதற்காகச் சாப்பிட்டவை. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அவற்றில் இருக்கின்றன என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

அம்மா எழும்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்தாள். காலை ஆறு மணிக்கு நடந்தே கிளம்புவாள். கைப்பிள்ளையாக இருந்த என் தங்கையை யார் பார்ப்பது என்று அவள் நின்று யோசித்து நான் பார்த்ததில்லை. கோடி வீட்டு ஆயாவின் திண்ணையில் எப்போதும் ஆறேழு பிள்ளைகள் உருண்டு கொண்டிருக்கும். மையத்தில் வேலை கிடைத்த பிறகு ஆயா அந்தப் பிள்ளைகளை அப்படியே அங்கே கூட்டிப்போனாள். இரண்டு வயது நிரம்பாததும் இடுப்பில் போகும். கணக்கில் வராது, கஞ்சி மட்டும் குடிக்கும். அதிகாரி யாராவது வந்து கேட்டால் தன் பேத்தி என்பாள். பத்தரை மணிக்கு ஒரு வீட்டு வேலை முடிந்ததும் அம்மா ஓடிவந்து தங்கைக்குப் பால் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். எழும்பூருக்கும் கூவக்கரைக்கும் இடையில் நடக்கிற தூரம் என்பதால் இது முடிந்தது. பல வருஷம் கழித்து, தாய்ப்பாலும் தாயின் கூலியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருக்கக் குழந்தைக் காப்பகம் வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் எழுதியதைப் படித்தபோது, அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து உட்காரும் அந்தத் திண்ணை எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்கும் தங்கைக்கும் இடையில் பிறந்த தம்பி, ஒரு வயது முடியுமுன் வயிற்றுப்போக்கில் செத்துப்போனான். கரையில் பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு குறைவு. கோடை வந்தால் தீப்பிடிக்கும். ஒரு ஸ்டவ் சாய்ந்தால் வரிசையே எரியும். ஐப்பசி கார்த்திகையில் கூவம் வீட்டுக்குள் வரும். அம்மா அரிசி டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் நின்று விடியவிடியப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெண்கள் இருட்டுக்கு முன்னும் இருட்டிய பின்னும்தான் கரைக்கு ஒதுங்க முடியும். பகலெல்லாம் அடக்கி வைத்துக்கொள்வார்கள். அம்மாவின் சிறுநீரகக் கோளாறுக்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நம்புகிறேன். வீடு வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்டதில் எந்த ஆடம்பரமும் இல்லை.

அந்தக் கோரிக்கைக்கு அரசு செவிசாய்க்காமலும் இல்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது; 1971-இல் அதற்கெனச் சட்டம். ஆரம்ப வருஷங்களில் வாரியம் செய்தது பெரும்பாலும் ஒரே காரியம்தான்: குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிகப் பக்கத்திலேயே, மூன்று நான்கு மாடிக் கட்டடம். சென்னையில் இன்றும் அவற்றை ‘ஹவுசிங் போர்டு’ என்றுதான் சொல்கிறோம். ரொம்பச் சின்ன வீடுகள்தான். ஆனால் குடியேறியவர்கள் மறுநாள் காலை அதே வேலைக்கு, அதே பள்ளிக்கு, அதே மார்க்கெட்டுக்குப் போனார்கள்.

இன்னொரு வழியையும் நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி நான் போன இடம் வில்லிவாக்கம். 1977-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர மேம்பாட்டுத் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் ஏழைகளுக்குச் சின்னச் சின்ன மனைகள் பிரித்துக் கொடுத்தார்கள். தெரு, தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் அரசு போட்டுத் தந்தது. வீட்டை அவரவர் வசதிக்கேற்ப மெல்லக் கட்டிக்கொள்ளலாம். என் மாமனார் முதலில் ஓலை போட்டார், அப்புறம் கல்நார், என் கணவர் காலத்தில் தளம். கீழே ஓர் அறையில் மாமியார் இட்லிக் கடை வைத்தார். நடக்கிற தூரத்தில் ரயில் நிலையம், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, பள்ளி, காய்கறி மார்க்கெட். என் பிள்ளைகள் வளர்ந்தது மாமியாரின் இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில். நான் வேலைக்குப் போக முடிந்ததும் அந்த மனை அந்த இடத்தில் இருந்ததால்தான். அரசு கொடுத்த மனையோ வீடோ எங்கே இருக்கிறது என்பதற்கும் ஒரு பெண் வேலைக்குப் போக முடிகிறதா என்பதற்கும் உள்ள தொடர்பை என் குடும்பத்திலேயே இரண்டு விதமாகவும் பார்த்துவிட்டேன்.

2000 வாக்கில் போக்கு மாறியது. ஊருக்குள் நிலத்தின் விலை ஏறிவிட்டது. ஏழைகளுக்கான வீடுகள் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் நகர்ந்தன. முதலில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்கும் பிறகு எழில் நகர், பெரும்பாக்கம். ஆயிரமாயிரம் வீடுகள், சதுப்பு நிலத்தை ஒட்டி, ஒரே இடத்தில், ஒரே மாதிரி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றும் வேலை வேகம் பிடித்தது. 2017-இல் கூவக்கரையில் எங்கள் வரிசையின் முறை வந்தது. என் தங்கை குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி.

அந்த வீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் தங்கை என்னைக் கழிவறைக்கு அழைத்துப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுக் காட்டினாள். “அக்கா, உள்ளாற தாப்பா பாத்தியா? எப்ப வேணா போலாம்.” அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் அழுதோம். படுக்க ஓர் அறை, கூடம், சமையலறை, காற்று. மழைக்கு எழுந்து உட்கார வேண்டாம். பெண்களுக்குப் பாதுகாப்பான கழிப்பறை என்ற ஒன்றுக்காகவே இந்தத் திட்டத்தை ஆதரிக்கலாம் என்று அன்று நினைத்தேன். இன்றும் அந்த எண்ணம் பாதி அப்படியே இருக்கிறது.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் சுமார் 25 கிலோமீட்டர். லாரியில் சாமான் ஏற்றிய காலையில் அவர்கள் சென்னை மாநகராட்சியின் குடிமக்கள். மாலையில் இறங்கியபோது காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் குடிமக்கள். 2019-இல் அது செங்கல்பட்டு மாவட்டமாக மாறியது. ரேஷன் அட்டை மாற்ற, பள்ளியில் டி.சி. வாங்க, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க என்று தங்கை அலைந்த நாட்களின் கூலி யார் கணக்கிலும் இல்லை. எழும்பூர் வீட்டு வேலையை அவள் விடவில்லை. இருபது வருஷப் பழக்கம், அவசரத்துக்கு முன்பணம் கொடுப்பவர்கள். காலை நாலரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போகிறாள். மதியம் மாநகராட்சியின் ‘அம்மா உணவக’த்தில் ஐந்து ரூபாய்ச் சாம்பார் சாதம். வீடு திரும்ப இருட்டிவிடும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, இந்தப் பெண்களின் கையில் நேராகப் பணம் வைத்தது போல இருந்தது. ஆனால் பஸ்ஸில் கழியும் நேரத்தை எந்தத் திட்டமும் திருப்பிக் கொடுக்காது.

ஆக, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி வீட்டில் இல்லை. தங்கை மகளுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னதற்கு ஒன்றரை வயது. அவள் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனக் கட்டடத்தில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். காலை ஷிப்டு ஏழு மணிக்கு. அந்தக் கட்டடத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக நல்ல காப்பகம் ஒன்று இருக்கிறது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு பயன்கள் சட்டத்தைத் திருத்தியதால் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காப்பகத்தின் தரையைத் தினமும் துடைப்பவள் இவள்தான். மெத்தென்ற பாயும் மரப் பொம்மைகளும் உள்ள அந்த அறையைத் துடைக்கும் நேரத்தில் தன் பிள்ளை எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

“புள்ளைய யாராண்ட வுட்டுட்டுப் போற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பெரியவ பாத்துக்குவா பெரிம்மா. ஸ்கூலு டைம் ஆனா பக்கத்து வூட்ல குடுத்துட்டுப் போவா. அவுங்க இல்லன்னா…” என்று நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “ரெண்டு மூணு தபா பூட்டிட்டுப் போயிருக்கேன்.”

எட்டாவது மாடியில், கதவு பூட்டிய வீட்டில், ஒன்றரை வயதுப் பிள்ளை. நான் அவளைத் திட்டவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மூன்று நாள் போகாவிட்டால் வேலையே இல்லை. அந்தப் பிளாக்கில் இப்படிப் பூட்டிவிட்டுப் போகும் தாய் அவள் ஒருத்தி மட்டுமல்ல. கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பிள்ளை மேல் பாசமில்லாதவர்கள் என்று அவர்களைப் பேசுகிறவர்கள், காலை ஏழு மணிக்கு அந்தப் பிள்ளையைத் தங்கள் மடியில் வாங்கிக்கொள்ளத் தயாரா என்று நான் கேட்க விரும்புகிறேன்.

அங்கன்வாடி இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன; அப்படி ஒரு வலையைப் பின்னியது இந்த மாநிலத்தின் பெருமை. ஆனால் மையம் வெயில் ஏறிய பிறகு திறந்து மாலை நான்கு மணிக்குள் மூடிவிடும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை அங்கே விட முடியாது; அதற்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு பாக்கெட் மட்டும். அங்கன்வாடிப் பணியாளரைக் குறை சொல்ல வழியில்லை. எடை போட்டு, உயரம் அளந்து, சமைத்து, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, அதையெல்லாம் போஷான் டிராக்கர் செயலியில் ஏற்றி, நடுவில் வாக்காளர் பட்டியல் வேலையும் பார்க்கிறார். அவர் வாங்கும் தொகையை மத்திய அரசு இன்னும் சம்பளம் என்று சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. இந்த மையங்களுக்கு வித்திட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதற்கு முன்பாக 1972-இல், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மீனா சுவாமிநாதன். ஏழை உழைப்பாளிப் பெண்களின் கைப்பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று 1985-இல் தனியாக ஓர் ஆய்வையே எழுதினார். இதே சென்னையில் வாழ்ந்து 2022-இல் மறைந்தார். அவர் கேட்ட கேள்விக்கு அங்கன்வாடியின் நேரப் பலகையில் இன்னும் பதில் எழுதப்படவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பசி குறைந்துவிட்டது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். அதனால் தங்கை வீட்டில் அரிசிப் பானை காலியாக இருந்ததில்லை. எங்கள் அம்மா தண்ணீர் குடித்துப் படுத்த ராத்திரிகள் அவளுடைய பேத்திகளுக்கு இல்லை. ஆனால் தட்டில் அந்த அரிசி மட்டுமே மலையாக இருக்கிறது. பிளாக்கின் கீழே உள்ள கடையில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள்: ஐந்து ரூபாய், பத்து ரூபாய்த் தின்பண்டப் பாக்கெட்டுகள் சரம் சரமாக. உள்ளே முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு, நூடுல்ஸ். எட்டாவது மாடிக்குக் கேட்கும்படி கூவி விற்கும் தள்ளுவண்டிக் காய் பலநாள் வதங்கித்தான் இருக்கிறது. விலையோ மார்க்கெட்டைவிடக் கூட. கூறு கட்டி விற்கும் ஆள் அங்கே குறைவு; அரைக்கிலோ வாங்க எல்லா நாளும் காசு இருக்காது. இருட்டி வீடு வரும் பெண், பக்கத்தில் இருப்பதைத்தான் வாங்குவாள். சின்னது அழுதால் ஐந்து ரூபாய்ப் பாக்கெட். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. சின்னப் பிள்ளைகளிலும் அப்படியே. தங்கைக்குச் சர்க்கரை, தங்கை மகளுக்கு மகப்பேறு நேரத்தில் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

அதே சாலையில் கொஞ்ச தூரம் போனால் குளிரூட்டிய பெரிய கடைகள். அங்கே கேழ்வரகு மாவு அழகான பையில், முருங்கைக் கீரைப் பொடி சின்ன டப்பாவில். 2023-ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு அந்த அடுக்குகள் இன்னும் நீண்டன. அம்மா ஏழ்மையில் கிண்டிய கூழ் இன்று அவள் பேத்தியின் கைக்கு எட்டாத உணவாகிவிட்டது. பெரிய கடையில் விலை ஒரு தடை என்றால், அதைவிடப் பெரிய தடை நேரம். ராத்திரி கரைத்து, விடியலில் கிண்டி, ஆறவிட்டுக் கரைக்க அவளுக்கு எங்கே பொழுது? அதே 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல முயற்சி. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அது முதலில் வந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பள்ளியில் மட்டும் காரியம் ஒழுங்காக முன்னேறியிருக்கிறது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, 2010-இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்று ஆனது. 2022 செப்டம்பர் 15 அன்று, அதே அண்ணா பிறந்தநாளில், மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். தங்கையின் பெரிய பேத்தி அதைச் சாப்பிட்டு வளர்ந்தாள். காலையில் மயக்கமாக வருகிறது என்று சொல்வது நின்றது. அந்த உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. இப்போது அவள் ஆறாம் வகுப்பு. தன் அம்மா கிளம்பிய பிறகு கைப்பிள்ளையான தன் தங்கைக்குச் சத்துமாவு கரைத்து ஊட்டிவிட்டு, தான் எதுவும் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடுகிறாள். போன மாதம் பிரேயரில் விழுந்துவிட்டாள்.

நாற்பது வருஷத்துக்கு முன்பு எங்களுக்குச் சோறும் பிள்ளையைப் பார்க்க ஆளும் வேலையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. வீடு என்று சொல்லும்படி ஒன்று இல்லை. இன்று வீடு இருக்கிறது. மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் கையில், ஒவ்வொரு நேரத்தில், ஒவ்வொரு தூரத்தில் இருக்கின்றன. வீடு வாரியத்தின் வேலை, பிள்ளை சமூகநலத்துறையின் வேலை, அரிசி உணவுத்துறையின் வேலை, பஸ் போக்குவரத்துத்துறையின் வேலை. இந்த நான்கையும் சேர்த்துத் தைக்கும் வேலை ஒரு தாயின் தலையிலும், அவளால் முடியாதபோது பதினொரு வயதுப் பெண்ணின் தலையிலும் விழுகிறது. வாரியத்தின் பெயரை 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். வாழ்விடம் என்றால் அதற்குள் அடுப்பும் தொட்டிலும் அடங்கும் என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

வழி தெரியாத காரியமும் இல்லை இது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கும் பால்னா திட்டம் மத்திய அரசின் கையில் 2022-லிருந்து இருக்கிறது. விவசாயிகளே நேராகக் காய் விற்க 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டுறவுத்துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளை நடத்திய அனுபவமும் இருக்கிறது. பெரும்பாக்கத்தில் பிளாக்குக்கு ஒரு காப்பகம், காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை, ஆறு மாதப் பிள்ளை முதல் எடுத்துக்கொள்வதாக இருக்கட்டும். அதில் வேலைக்கு அதே பிளாக்கின் பெண்களை, எங்கள் கோடி வீட்டு ஆயாவைப் போன்றவர்களை, ஒழுங்கான சம்பளத்துக்கு எடுக்கட்டும். மாலை ஏழு மணிக்கும் கீரை கிடைக்கிற ஒரு காய்கறிக் கடை, கூறு கணக்கில் விற்பதாக, தரைத்தளத்தில் வரட்டும். காலை உணவு பத்தாம் வகுப்பு வரை நீளட்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளையை ஏற்காத காப்பகம் சட்டப்படியான காப்பகம் ஆகாது என்று தொழிலாளர் துறை எழுத்தில் சொல்லட்டும்.

இன்னும் ஆற்றங்கரைகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒதுக்கீட்டுச் சீட்டுக்குக் காத்திருக்கின்றன. வேலையிடத்துக்குப் பக்கத்தில் நிலம் தேடிப் பார்க்காமல் அவர்களை அனுப்பாதீர்கள். தேடியும் கிடைக்காவிட்டால், லாரி வரும் நாளில் காப்பகமும் கடையும் பள்ளியும் பஸ்ஸும் அங்கே முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவை வராத இடத்துக்கு ஒரு குடும்பத்தைக்கூட ஏற்றக் கூடாது.